ஆர்எக்ஸ் 100 சைலன்சருக்குள்ள என்ன இருக்கு?

இந்த எபிசோட் ஒரு இரும்புக் குழாயப் பத்தினது.

என் ஊர் தேவிகாபுரம், ஆரணிப் பக்கம். சின்ன வயசுல காலைல எழுந்தா தறிச் சத்தம் கேட்கும். அதுக்கு மேல கேட்டது மாமாவோட யமஹா ஆர்எக்ஸ் 100. நெஞ்சு முடிச்ச சேலையை ஆரணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறதும், அடுத்த பாவு வாங்கிட்டு வர்றதும் அந்த வண்டியிலதான்.

ஒரு நாள் மாமா சைலன்சரோட பின்பகுதிய அறுத்து எடுத்துட்டார். "அடைப்பு இல்லாம இருந்தா வண்டி பறக்கும்"னு யாரோ சொன்னதுதான் காரணம். சத்தம் ஊரையே எழுப்புச்சு, ஆனா இழுவை போயிடுச்சு. அதை ஈடுகட்ட முழு த்ராட்டில்லயே ஓட்டினார். ஒரு நாள் ஆரணி ரோட்டுல பிஸ்டன் ஜாம். பின்சீட்ல கட்டியிருந்த சேலையோட வண்டியத் தள்ளிக்கிட்டே போனார். அந்த வாரக் கூலி கைக்கு வரல.

அடைப்பை எடுத்தா பவர் ஏன் குறையணும்? இந்தக் கேள்வி என்னை கிழக்கு ஜெர்மனி வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்ல நம்ம கார்ல இருக்கற மாதிரி வால்வு கிடையாது. புகை வெளிய போற துளை திறந்திருக்கும்போதே புது பெட்ரோல் கலவையும் உள்ள வரும். அதுல கொஞ்சம் புகையோடவே வெளிய ஓடிடும். இதைத் தடுக்கறதுக்குத்தான் எக்ஸ்பேன்ஷன் சேம்பர், அதாவது நடுவுல வயிறு பெருத்த பைப்.

புகை வெளிய வரும்போது ஒரு அழுத்த அலை பைப்ல ஓடும். பைப் விரியற இடத்துல அந்த அலை ஒரு உறிஞ்சலாத் திரும்பி வந்து, மிச்சப் புகைய இழுத்துக்கும். பின்னாடி சுருங்கற இடத்துல மோதின அலையோ அழுத்தமாத் திரும்பி, வெளிய ஓடின கலவைய சிலிண்டருக்குள்ள தள்ளிடும். துளை மூடறதுக்குள்ள இது நடந்து முடியணும். 7500 ஆர்பிஎம்ல ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்ட்தான்.

தறி பார்த்தவங்களுக்கு இது புதுசில்ல. மிதிய மிதிச்சா பாவு ரெண்டாப் பிரியும். அது திறந்திருக்கற நேரத்துல நாடா ஓடிடணும். முந்தினாலும் பிந்தினாலும் இழை அறுந்துடும்.

இந்த அலைக் கணக்கை நுணுக்கமா ஆராய்ஞ்சவர் வால்டர் காடன், ச்சோப்பாவ் ஊர்ல எம்இசட் கம்பெனியோட இன்ஜினியர். எக்ஸ்பேன்ஷன் பைப்ப முதல்ல யோசிச்சவர் அவர் இல்ல. டிகேடபிள்யூல எரிச் வொல்ஃப் ஏற்கெனவே பொருத்தியிருந்தார். காடன் ஆஸிலோஸ்கோப் வச்சு அலைகள அளந்து பைப்போட வடிவத்தத் தீர்மானிச்சார். 1961-ல அவரோட 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்துச்சு, அதாவது லிட்டருக்கு 200.

அதே வருஷம் ஆகஸ்ட்ல பெர்லின் சுவர் எழும்புச்சு. செப்டம்பர்ல ஸ்வீடன் ரேஸ் நடந்தப்ப, எம்இசட் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பி ஓடினார். அவர் மனைவியும் பிள்ளைகளும் கார் டிக்கில ஒளிஞ்சு எல்லை தாண்டினாங்க. டெக்னர் போய்ச் சேர்ந்தது ஜப்பானின் சுஸுகி. காடனோட ரகசியமும் கூடவே போச்சு. 1962-ல 50 சிசி உலகப் பட்டத்த சுஸுகி வண்டியில அவர் ஜெயிச்சார். காடன் ச்சோப்பாவ்லயே தங்கிட்டார்.

அப்புறம் இந்த அறிவு மண் பாதைக்கும் இறங்குச்சு. 1970, 71, 72-ல சுஸுகி டூ-ஸ்ட்ரோக்ல ஜோயல் ராபர்ட் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் ஜெயிச்சார். ஆனா ரோட் ரேஸ் பைப்ப அப்படியே மண்ணுக்குப் போட முடியாது. ரேஸ் டிராக்குக்கு உச்ச வேகத்துல பவர் வேணும். சேத்துலயும் மேட்டுலயும் குறைஞ்ச ஆர்பிஎம்லயே இழுவை வேணும். அதுக்கு அலை திரும்பி வர கூடுதல் நேரம் தர்ற நீளமான பைப் வேணும். கோணம் மெதுவா விரியணும். எந்த பைப்பும் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. மாத்தினா கார்புரேட்டர் ஜெட்டையும் சரிபார்க்கணும். பெட்ரோல் குறைஞ்சா சூடு ஏறும். அதுதான் பிஸ்டன் ஜாமுக்கு வழி.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவுல 1985-லிருந்து 1996 வரைக்கும் வந்துச்சு. 98 சிசி, 11 குதிரைத்திறன். அதோட சைலன்சருக்குள்ளயும் இதே கணக்கு இருந்துச்சு. மாமா அறுத்து வீசினது அடைப்பை இல்ல, இன்ஜினோட பாதி வேலையை.

இப்போ பழைய ஆர்எக்ஸ் வாங்கி ஜவ்வாது மலைப் பக்கம் மண் ரோட்ல ஓட்ட ஆசைப்படறவங்க நிறைய பேர். பைப் மாத்தறதுக்கு முன்னாடி எந்த ஆர்பிஎம்ல பவர் வேணும்னு கேளுங்க. எவ்வளவு சத்தம் வரும்னு கேக்காதீங்க. தெருவுல ஓட்டறதுன்னா சட்டமும் குறுக்க வரும்.

மாமா அதுக்கப்புறம் வேற சைலன்சர் வாங்கிப் போட்டார். இப்பவும் வண்டி ஓடுது. சத்தம் கம்மிதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.