அழாமல் பிறந்த பிள்ளை

பிரசவ அறைக்கு வெளியே நிற்கும்போது நாம் எல்லோரும் காது கொடுத்துக் காத்திருப்பது பிள்ளையின் முதல் அழுகைக்குத்தான். அது வரச் சுணங்கினால் நமக்கு உயிரே போய்விடும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

அந்தக் காலத்தில் மூச்சு விடாத பிள்ளையைத் தட்டினார்கள், சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறி அமிழ்த்தினார்கள். 1871இல் ஜேர்மனிய வைத்தியர் ஷூல்ட்ஸே, பிள்ளையைப் பிடித்துத் தலைக்கு மேலாக வீசி ஆட்டும் முறையைச் சொன்னார். அதுவும் பல காலம் நடந்தது.

1952இல் நியூயோர்க்கில் விர்ஜினியா அப்கார் என்ற பெண் வைத்தியர் ஒரு புள்ளித் திட்டம் வகுத்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கான துலங்கல், நிறம். ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 10. பிறந்த பிள்ளையை முதல் நிமிடத்திலேயே கவனமாகப் பார்க்கும் பழக்கம் அதனால் பரவியது.

ஒட்சிசன் கூடக் கூட நல்லது என்றும் நம்பினார்கள். 1940களிலும் 50களிலும் குறைமாதப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுத்ததால் சுமார் 10,000 பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். 1951இல் மெல்போர்னில் கேட் கெம்பல் என்ற வைத்தியர் அந்தத் தொடர்பைக் காட்டினார். நிறைமாதப் பிள்ளைக்கு மூச்சூட்டச் சாதாரண காற்றே போதும் என்று நோர்வேயின் சோக்ஸ்டாட் பல வருடங்கள் வாதாடினார். 2010இல் சர்வதேச வழிகாட்டல்கள் அதை ஏற்றன.

மூச்சு திரும்பினாலும் ஆபத்து முடிவதில்லை. ஒட்சிசன் கிடைக்காமல் தவித்த மூளையில் சில மணித்தியாலங்கள் கழித்து அழற்சியும் சேர்ந்து இரண்டாவது சேதம் தொடங்கும். அதைத் தடுக்க, பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 72 மணித்தியாலம் பிள்ளையின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை செல்வந்த நாடுகளில் பலன் தந்தது.

அதே சிகிச்சையை இந்தியா, பங்களாதேஷ், நமது இலங்கை ஆகிய நாடுகளின் 7 வைத்தியசாலைகளில் 408 பிள்ளைகளிடம் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. குளிர்விக்கப்பட்ட பிள்ளைகளில் 42 வீதமும் மற்றவர்களில் 31 வீதமும் இறந்திருந்தார்கள். தொற்றும் அழற்சியும் முன்பே இருந்திருக்கலாம், பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்று காரணங்கள் பேசப்படுகின்றன.

வேறு நாட்டில் பலித்ததை நம் பிள்ளைகளிடமும் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பதை அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும்தான் உலகுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்றும் இதில் உண்டு. பிள்ளை அழாமல் பிறந்த வீட்டுக்குப் போய், "உம்மா என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள்?" என்று விசாரிக்கிறோம். தொப்புள்கொடி நசுங்குவதும் சூல்வித்தகம் பிரிவதும் எந்தத் தாயின் குற்றமும் இல்லை. வைத்தியர்களே நூற்றைம்பது வருடங்களாகத் திருத்தித் திருத்திப் படிக்கும் விடயத்தில், ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?