வத்திராயிருப்பு கிருஷ்ணனும் சோதனைக்குழாய்க் கருவும்

தென்காசியில இருந்து வடக்கே பஸ் பிடிச்சா, மலையை இடது கைப்பக்கமா வச்சுக்கிட்டே புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்னு போகலாம். அதையும் தாண்டினா வத்திராயிருப்பு. 1898-ல் கே.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊர். அப்போ அது திருநெல்வேலி ஜில்லா. அதனால நம்மூர்க்காரர்னு உரிமை கொண்டாடலாம், தப்பில்லை :-)

ராமன் விளைவுன்னா எல்லாருக்கும் சி.வி.ராமனைத் தெரியும். கல்கத்தாவில் சுமார் அறுபது திரவங்களைச் சுத்தம் செய்து, அதில் சூரிய ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் மங்கலான வெளிச்சத்தை இருட்டறையில் கண்ணாலேயே பார்த்த வேலையில் கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு. 1928 மார்ச் 31 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பில் ரெண்டு பேர் பெயரும் இருக்கு. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். எனக்கு இதுல இன்னும் ஆதங்கம்தான்.

ஐந்தருவிச் சாரல்ல வெயில் பட்டா வானவில் தெரியுமே, அங்கே இருக்கிற நிறங்கள் பிரியுது, அவ்வளவுதான். கிருஷ்ணன் பார்த்தது வேற. ஒளி, மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துட்டு நிறம் மாறி வெளியே வருது. ஏறக்குறைய கோடியில் ஒரு ஃபோட்டானுக்குத்தான் அப்படி ஆகும். ஆனா எவ்வளவு மாறுதுங்கறது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேற. கைரேகை மாதிரி.

இதைக் கருத்தரிப்பு மையத்துக்குக் கொண்டுபோனா என்னன்னு யோசிச்சாங்க. கரு மூணு முதல் அஞ்சு நாள் ஒரு துளி ஊட்டத்திரவத்துல வளருது. அதுல உள்ள பைருவேட்டையும் குளுக்கோஸையும் தின்னு, கழிவை விடுது. கருவைத் தொடவே வேண்டாம்; அது மிச்சம் வச்ச திரவத்துல ஒளியைப் பாய்ச்சினா எந்தக் கரு தங்கும்னு தெரியுமா? 2007-ல் யேல் பல்கலைக்கழகத்தின் எம்ரே செலி குழு, ராமன் ஒளியிலும் அண்மை அகச்சிவப்பிலும் பார்த்து, குழந்தையாகப் போகும் கருவோட திரவத்துல வித்தியாசம் தெரியுதுன்னு எழுதினாங்க. ஏக எதிர்பார்ப்பு. 2012-ல் அகச்சிவப்புக் கருவியைக் குலுக்கல் முறைச் சோதனைகளில் வச்சுப் பார்த்தப்போ, வழக்கம்போல நுண்ணோக்கியில பார்த்துத் தேர்ந்தெடுத்ததைவிடக் கர்ப்பம் கூடலை. ராமன் முறை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டலை.

அப்புறம் வந்தது, அடைகலனுக்குள்ள கேமரா வச்சு விடாம படமெடுக்கிற முறை. 2024-ல் 'லான்செட்' இதழ்ல பிரிட்டன், ஹாங்காங் மையங்கள்ல 1,575 பேரிடம் நடந்த சோதனை வந்தது. குழந்தை பிறப்பு அதிலும் கூடலை.

உறவுக்காரப் பையன் ஒருத்தன் வயலை ஒத்திக்கு வச்சு வைத்தியத்துக்குப் போயிட்டிருக்கான். "மாமா, கேமரா வச்சுப் பாப்பாங்களாம், அதுக்குத் தனியா ரூவா கேக்காங்க"ன்னான். "அதனால பிள்ளை பிறக்கிறது கூடுமான்னு மட்டும் கேளுடே"ன்னு சொல்லி அனுப்பினேன்.

கேட்டிருக்கான். பதில் வரலையாம். பில்லுல அந்த வரியை மட்டும் அடிச்சுட்டாங்களாம்.