தொழில் வேறு, தொண்டு ஒன்று

படித்துப் பதவி பெற்றபின் பிறந்த சேரியை மறப்போர் நம்மிடையே உண்டு. அவ்வாறு மறவாத நால்வரின் வரலாற்றை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, நம் வரலாற்றைப் பிறர் எழுதக் காத்திராமல் தாமே எழுதினார்.

எம். சி. ராஜா (1883–1943) பள்ளி ஆசிரியர். இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி, ‘ஆதிதிராவிடர்’ என்றே அரசு குறிக்க வேண்டுமென 1922-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார்.

என். சிவராஜ் (1892–1964) வழக்கறிஞர். சட்டக் கல்லூரியில் கற்பித்தவர். 1945-இல் சென்னை மாநகர மேயரானார்.

சுவாமி சகஜானந்தர் (1890–1959) நம் வடார்க்காட்டு மண்ணில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த துறவி. 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். உலகைத் துறந்த அவர் நம் பிள்ளைகளைத் துறக்கவில்லை.

இளைஞர்களே! தோல் பதனிடும் சாலைகளில், சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று நம் பெற்றோர் ஈட்டிய கூலியில் நாம் படித்தோம். அக்கடனைத் தீர்க்கப் பெரும்பதவி வேண்டுவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள், அதுவும் தொண்டே.