ஒரே விலை, இரண்டு வருஷம்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு போன் வந்தது. 1998இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன், இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். வரலாற்றுத் தாளில் 'பொருத்துக' பகுதியை ஒரு தடவைகூட முழுசாகச் சரியாக எழுதாதவன். பெயரை நான் சொல்ல மாட்டேன். அவனே கீழே வந்து ஒப்புக்கொள்வான்.

"சார், டிவி வாங்கக் கடையில நிக்கிறேன். ரெண்டுமே 55 இஞ்ச். ஒண்ணு 2023 மாடல். வந்தப்ப அந்தக் கம்பெனியோட உசந்த மாடலாம், இப்ப விலையைக் குறைச்சிருக்காங்க. இன்னொண்ணு 2025 மாடல், ஆனா அவங்க வரிசையில கடைசி. ரெண்டும் ஒரே விலைக்கு வருது. எதை எடுக்கட்டும் சார்?"

"ஏம்ப்பா, இது வரலாறு வாத்தியார்கிட்ட கேக்கற கேள்வியா?"

"எந்தக் கேள்விக்குப் பின்னாலயும் ஒரு வரலாறு இருக்குன்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

மாட்டிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது நல்ல வரலாற்றுக் கேள்விதான். டிவி என்ற பெட்டி பிறந்ததிலிருந்து வாங்குகிறவர்கள் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். போனில் பத்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். பிபிசி 1936இல் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அவர்கள் கைக்கொண்ட முறையில் ஒரு படம் 405 கோடுகளால் ஆனது. கோலம் போடுவது மாதிரி, பெட்டி மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்துப் படத்தை வரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964 ஏப்ரல் 20 அன்று பிபிசி 2 என்ற இரண்டாவது சேனல் வந்தது. அது 625 கோடு, அலைவரிசையும் வேறு. 405 கோட்டுக்கு மட்டும் செய்த பழைய பெட்டியில் அது தெரியவே தெரியாது. அதனால் இரண்டு முறையையும் வாங்கிக்கொள்ளும் இரட்டைப் பெட்டிகள் கடைக்கு வந்தன.

அந்தச் சமயத்தில் லண்டன் கடையில் ஒருவர் நிற்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல மரத்தில் அருமையாகச் செய்த பழைய பெட்டி ஒரு பக்கம், சாதாரணமான புதுப்பெட்டி ஒரு பக்கம். பழையதை எடுத்தவர் ஏமாந்துவிட்டாரா? முழுக்க இல்லை. 405 கோட்டு ஒளிபரப்பு 1985 ஜனவரி வரைக்கும் ஓடியது. பெட்டி பிழைத்திருந்தால் 20 வருஷம் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த 20 வருஷத்தில் ஒரு நாள்கூட பிபிசி 2 அதில் வந்திருக்காது. பெட்டியில் குறை இல்லை. அந்தச் சேனல் உள்ளே வர அதில் வாசல் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது கலர் டிவிக்கு வாருங்கள். அமெரிக்காவில் 1950இல் ஒரு கலர் முறைக்கு அரசு அனுமதி கொடுத்தது. வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அந்த ஒளிபரப்பு தெரியாது. 1951இல் தொடங்கி அந்த வருஷத்துக்குள்ளேயே அது நின்றுபோனது. 1953 டிசம்பரில் வேறொரு முறையை ஏற்றுக்கொண்டார்கள். அதில் கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே இருக்கும், வண்ணத்துக்கான செய்தி மட்டும் கூடுதலாகச் சேர்ந்து வரும். கலர் பெட்டி அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டி அதைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்க்கும். நம் நாட்டுக்கு 1982இல் வந்த பால் என்ற கலர் முறையும் இந்த வழிதான். அந்த நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டைக் கலரில் ஒளிபரப்பினார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் அதே பந்தயங்களைத்தான் பார்த்தார்கள். பெருமை கொஞ்சம் குறைந்ததே தவிர, படம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

ஆக, மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படத்தின் அழகு மாறுவது. இன்னொன்று, படம் உள்ளே வருகிற வாசல் மாறுவது. முதல் வகையில் பழைய பெட்டிக்காரருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவது வகையில் பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கினாலும் அந்த அலை எங்கள் ஊர்வரை எட்டாது. எங்களுக்கு முதலில் வந்தது இலங்கை ரூபவாகினி. அது 1982 பிப்ரவரியில் தொடங்கியது. உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி இலங்கையைப் பார்த்துத் திருப்பி வைத்தால் புள்ளி புள்ளியாகப் படம் வரும். காற்றடித்தால் போய்விடும். ஒருத்தர் மேலே ஏறித் திருப்ப, ஒருத்தர் கீழே நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு, ஐயோ போயிடுச்சு" என்று கத்த வேண்டும்.

தெருவில் ரைஸ் மில்காரர் வீட்டில் மட்டும்தான் டிவி. 1987இல் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தபோது ஞாயிறு காலையில் தெருவே அங்கே இருக்கும். அம்மாவும் போவாள். அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ராமாயணம் தெரியுமே, அது போதாதா? தரையில்தான் உட்காருவாள். அந்த வீட்டுக் கீரையை முறத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஆய்ந்தபடியே பார்ப்பாள். யாரும் ஆயச் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சம். அதைப் பார்த்த அன்றைக்கே, வேலைக்குப் போனதும் முதலில் ஒரு டிவி வாங்குவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

வேலை கிடைத்து, தங்கையின் கல்யாணக் கடனெல்லாம் அடைத்து, 1994இல்தான் வாங்க முடிந்தது. நாகப்பட்டினத்தில் ஒரு கடை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கலர் பெட்டிகள், ஒரே விலை. ஒன்று நாலு வருஷத்துக்கு முந்தைய மாடல். தேக்கு நிறத்தில் கனமான பெட்டி, இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், முன்னால் எட்டு பட்டன், ரிமோட் கிடையாது. இன்னொன்று அந்த வருஷத்தது. கறுப்பு பிளாஸ்டிக், சின்ன ஸ்பீக்கர், ரிமோட் உண்டு. கடைக்காரர் பழையதைத் தட்டிக் காட்டி, "கனத்தைப் பாருங்க சார், இந்தச் சரக்கு இனிமே வராது" என்றார். அதில் பொய் இல்லை. உண்மையிலேயே நல்ல சரக்குதான். ரிமோட் என்பது சோம்பேறிகளுக்கு என்று நினைத்து, கனமானதையே மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

ஊருக்குக் கேபிள் வந்த நேரம் அது. சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியிருந்தது. இணைப்புக் கொடுக்க வந்த பையன் பட்டன்களைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "சார், உங்க பெட்டியில பாதி சேனல்தான் வரும்" என்றான்.

ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. காற்றில் வரும் தூர்தர்ஷனுக்காகச் செய்த பழைய பெட்டிகள் 2 முதல் 12 வரையுள்ள சேனல் எண்களைத்தான் அறியும். அந்த எண்களுக்கு நடுவில் பெரிய இடைவெளி உண்டு. காற்றில் அந்த இடம் விமானம், வானொலி என்று வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் ஒயருக்குள் போகிற அலை வெளியே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதனால் கேபிள்காரர்கள் அந்த இடைவெளியிலும் அதற்கு மேலேயும் சேனல்களை அடுக்கினார்கள். எஸ் பேண்ட், ஹைப்பர் பேண்ட் என்று அப்போது கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான். நான் வேண்டாம் என்று விட்டுவந்த பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த வாசல் இருந்தது. என் தேக்குப் பெட்டிக்கு இல்லை. அம்மா ஆசைப்பட்ட தமிழ்ச் சேனலை எங்கள் கேபிள்காரர் போட்டிருந்தது எஸ் பேண்டில்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "இருக்கறது போதும்ப்பா" என்றாள். ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்சம் சீக்கிரம் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சீரியல் சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வீட்டு முறம், முறத்தில் கீரை.

எந்தக் காட்சி இனி இருக்கக் கூடாது என்று ஏழு வருஷம் காத்திருந்து டிவி வாங்கினேனோ, அதே காட்சி. இந்தத் தடவை அதற்குக் காரணம் நான். அந்த வாரமே கைமாற்று வாங்கி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வாங்கி மாட்டினேன். அதற்கு ஒரு ரிமோட் இருந்தது. சோம்பேறிகளுக்கான சாமான் என்று நான் நினைத்த ரிமோட்டை அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள்.

இதனால் புதுசைத்தான் எப்போதும் வாங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர் உதாரணமும் உண்டு. 2013இல் என் மைத்துனர் ஒரு பிளாஸ்மா டிவி வாங்கினார். அந்த வருஷக் கடைசியோடு பானாசோனிக் பிளாஸ்மா தயாரிப்பையே நிறுத்தியது, அடுத்த வருஷம் மற்ற பெரிய கம்பெனிகளும் நிறுத்தின. "செத்த சாமானை வாங்கிட்டாரே" என்று எல்லாரும் சிரித்தோம். ஆனால் அதே விலைக்கு வந்த எல்இடி பெட்டியில் இரவுக் காட்சி சாம்பல் பூசின மாதிரி இருக்கும், அவருடையதில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். கரண்ட் கூடத்தான் இழுத்தது, சூடும் ஆனது. ஆனால் எச்டிஎம்ஐ என்ற வாசல் இரண்டிலும் ஒன்றுதான். அழகுதான் வித்தியாசம். அதில் பழையது ஜெயித்தது.

அதே போல, புதிதாக வருவதெல்லாம் வாசலும் ஆகிவிடாது. 2010 வாக்கில் கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி டிவிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் உண்டு. 2017க்குள் பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட்டுவிட்டன.

ஸ்மார்ட் டிவியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 2015இல் யூடியூப் தன் உள்ளமைப்பை மாற்றியபோது, 2012க்கும் அதற்கு முன்னாலும் வந்த பல டிவிகளில் அந்த ஆப் நின்றுபோனது. திரை நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, உள்ளே வாசல் மூடிவிட்டது. அதற்கும் வெளியில் ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகினால் போதும். 1994இல் கன்வெர்ட்டர், பிறகு செட்டாப் பாக்ஸ், இப்போது ஸ்டிக். மூடின வாசலுக்கு மாற்றாக எப்போதும் ஒரு சின்னப் பெட்டி வந்துவிடுகிறது. பழைய மாடல் வாங்குகிறவர்கள் அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மாணவனிடம் சொன்னேன்: "2023க்கும் 2025க்கும் நடுவுல வாசல் எதுவும் மாறலப்பா. 4கே அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு. உன் வீட்டுக்கு வர்ற கேபிளும் நெட்டும் ரெண்டுலயும் ஓடும். அதனால பழைய உசந்த மாடலை எடு. ஆனா நாலு விஷயம் பாரு. பின்னால ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல தயாரிச்ச மாசம் பாரு. கடையில பகல் பூரா ஓடின டெமோ பீஸா இருந்தா வேண்டாம். வாரண்டி பில் தேதியிலேருந்துதான்னு எழுதி வாங்கு. சாஃப்ட்வேர் அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும்னு கேளு. அப்புறம், கடையில கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏத்தி வச்சிருப்பாங்க. வீட்டுக்கான மோடுக்கு மாத்தச் சொல்லி, இருட்டுக் காட்சி ஒண்ணு போட்டுப் பாரு."

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "ஆமா, யாருப்பா பாக்கப் போறாங்க?"

"அம்மா சார். முழங்கால் ஆபரேஷன் ஆகி எங்ககூட வந்து இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். பகல்ல தனியா இருப்பாங்க."

"அப்ப பில் போடாதே. நாளைக்கு ஆட்டோ வச்சு அம்மாவைக் கூட்டிட்டுப் போ. ரிமோட்டை அவங்க கையில குடு. டிவியைப் போட்டதும் நேரா கேபிளுக்குப் போகுதா, இல்ல என்னென்னமோ படத்தைக் காட்டிக்கிட்டு நிக்குதான்னு பாரு. நேராப் போற மாதிரி செட்டிங் இருந்தா வச்சுக் குடுக்கச் சொல்லு. அவங்களால தனியாப் போட்டுப் பாக்க முடியலைன்னா அது அவங்களுக்கு மூடின வாசல்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிங்க சார்" என்றான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. 2023 மாடலைத்தான் எடுத்திருக்கிறான். அவன் அம்மா நாற்காலியில், காலை ஸ்டூல் மேல் நீட்டி, கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். டிவி பாதிதான் படத்தில் விழுந்திருக்கிறது. பரவாயில்லை. பொருத்துக பகுதியில் இந்தத் தடவை அவனுக்கு முழு மார்க்.

உங்கள் வீட்டு முதல் டிவி எது, எந்த வருஷம், யாருக்காக வாங்கினீர்கள்? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பதில் போடத் தாமதமானால் கோபிக்க வேண்டாம், கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்