நிலத் திட்டமிடலில் இரகசியச் சான்று

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்கீழ் அனுமதி கோருவோர் தரும் ஆவணங்களில் வணிக இரகசியமும் கலந்திருக்கலாம். அவற்றைப் பிறர் கேட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழிசொல்கிறது. வெளியிடக் கருதும் பொதுத் தகவல் அலுவலர், மனு கிடைத்த 5 நாட்களுக்குள் ஆவணத்துக்குரியவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் 10 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். பிரிவு 10, மறைக்க வேண்டியதை மட்டும் நீக்கி மீதியைத் தர இடமளிக்கிறது. திருப்பூர் மண்ணரை போன்ற சாயத்தொழில் வட்டாரங்களுக்கு இதுவே உயிர்நாடி: சாயக் கலவையின் செய்முறை இரகசியமாகலாம், நொய்யல் ஆற்றைத் தொடும் கழிவுநீரின் அளவு ஒருபோதும் ஆகக்கூடாது. பொதுநலன் மேலோங்கினால் வணிகத் தகவலையும் வெளியிடலாம் என்கிறது பிரிவு 8. இதே கேள்வி நீதிமன்றங்களிலும் எழுந்தது: சான்றை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் நீதிபதியிடம் மட்டும் தரும் மூடிய உறை வழக்கத்தை, 2023 ஏப்ரலில் மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இயற்கை நீதிக்கு முரணெனக் கண்டித்தது.