சரக்கைக் காக்கப் பிறந்த ஸ்பிரிங்ளர்

அலுவலகத்திலோ துணிக்கடையிலோ அண்ணாந்து பார்த்தால் கூரையில் வரிசையாகச் சின்ன உலோகத் தலைகள் தெரியும். ஸ்பிரிங்ளர். இதற்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் தீயணைப்பு வீரர் அல்ல, பியானோ செய்து விற்ற ஒரு முதலாளி.

அவருக்கு முன்பே அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் கூரையோரம் துளைபோட்ட குழாய்கள் ஓடின. பஞ்சுத் தூசு பறக்க, எண்ணெய் ஊறிய மரத்தரையில் இயந்திரங்கள் சுழன்ற இடம் அது. ஒரு பொறி போதும். தீயைக் கண்டவர் ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் எல்லாத் துளைகளும் ஒன்றாகக் கொட்டும். ஒரு மூலையில் பிடித்த தீக்கு மாடி முழுக்க இருக்கும் பஞ்சும் துணியும் நனைந்து பாழாகும். திறப்பதா வேண்டாமா என்று முதலாளி கணக்குப் போடுவதற்குள் தீ கூரையைத் தொட்டிருக்கும்.

நியூ ஹேவன் நகரில் மதுஷெக் பியானோத் தொழிற்சாலையை நடத்தியவர் ஹென்றி பார்மலீ. உலர்ந்த மரமும் வார்னிஷும் நிறைந்த இடம் என்பதால் காப்பீட்டுக் கட்டணம் கழுத்தை நெரித்தது. 1874இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் வால்வைத் திறக்கும் வேலை தீயிடமே ஒப்படைக்கப்பட்டது. தண்ணீர் வரும் வாயை எளிதில் உருகும் உலோகக் கலவையால் அடைத்துவைப்பார்கள். சூடு ஏறினால் அடைப்பு உருகும், தண்ணீர் பீறிடும். தீக்கு மேலே உள்ள தலை மட்டுமே திறக்கும். (சினிமாவில் ஒரு சிகரெட் புகைக்குக் கட்டடம் முழுக்க மழை பெய்வது வெறும் கதை. புகையை இது கண்டுகொள்வதே இல்லை.)

ஒரு குறை இருந்தது. அடைப்புக்குப் பின்னால் நின்ற தண்ணீரே அந்தக் கலவையைக் குளிரவைத்ததால் உருகத் தாமதமானது. பிராவிடன்ஸ் நகரின் பிரெடரிக் கிரின்னல் 1880களின் தொடக்கத்தில் உருகும் பகுதியைத் தண்ணீரிலிருந்து விலக்கி அமைத்தார். அப்புறம்தான் வியாபாரம் சூடுபிடித்தது. இன்று பல தலைகளில் உலோகத்துக்குப் பதில் கண்ணாடிக் குமிழ். உள்ளே சிவப்புத் திரவம் என்றால் 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும்.

இதைப் பரப்பியவர்கள் காப்பீட்டுக்காரர்கள். ரோட் தீவின் ஆலை முதலாளி சக்கரியா ஆலன், தன் ஆலையைப் பத்திரமாகக் கட்டியும் அன்றைய காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்க மறுத்தன என்று 1835இல் சக முதலாளிகளைச் சேர்த்துத் தனிக் காப்பீட்டு நிறுவனமே தொடங்கியவர். அந்த வழியில் வந்த நிறுவனங்கள் ஸ்பிரிங்ளரைத் தலையில் வைத்துக் கொண்டாடின. குழாயின் அளவு ஊருக்கு ஊர் மாறிய குழப்பத்தைத் தீர்க்க ஒன்றுகூடியவர்களிடமிருந்துதான் 1896இல் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இவ்வளவும் ஆலையையும் சரக்கையும் காக்க. உள்ளே வேலை செய்தவர்கள் பிழைத்தால் அது கூடுதல் லாபம், அவ்வளவுதான்.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இருந்த டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீ. எட்டாம் மாடியில் தொடங்கி மேலே ஏறியது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் பிழைக்க வந்த யூத, இத்தாலிய இளம்பெண்கள். கட்டடம் தீக்கு அசையாத வகை, இன்றும் நிற்கிறது. ஸ்பிரிங்ளர் சந்தைக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியும் அங்கே ஒன்றுகூட இல்லை. உரிமையாளர்கள் வழக்கில் விடுதலையானார்கள்.

மறு ஆண்டு நியூயார்க் மாநிலம் தொழிற்சாலைகளில் ஸ்பிரிங்ளரைச் சட்டப்படி கட்டாயமாக்கியது, நிபந்தனைகளோடு. கட்டடம் ஏழு மாடிக்கு மேல் அல்லது 90 அடிக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு மேலே 200 பேருக்கு அதிகமாக வேலை செய்ய வேண்டும். சரியாக 200 பேர் என்றால் கட்டாயமில்லை.