உருவாக்கப் பலகையில் யூஎஸ்பி-சி மின்வழங்கல்

உருவாக்கப் பலகை என்பது, ஒரு செயலியையோ நுண்கட்டுப்படுத்தியையோ அதற்கு வேண்டிய துணைச் சுற்றுகளோடு சேர்த்துப் பொருத்தி, புதிய கருவி செய்வோர் நிரல் எழுதிச் சோதித்துப் பார்ப்பதற்கென விற்கப்படும் மின்னணுப் பலகை. பேச்சு வழக்கில் வெறும் ‘போர்டு’. அதன் டைப்-சி வாய் வழியே எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டுமென்று சார்ஜரிடம் கேட்டுப் பெறச் செய்வது மின்வழங்கலை அமைத்தல் எனப்படும். கேட்டது வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது அளத்தல். சிறுதொழில்களுக்கென 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் மின்னணுப் பட்டறைகளுக்கும், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களுக்கும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வரப்படும் போர்டுகளில், பழைய மைக்ரோ யூஎஸ்பி வாயின் இடத்தை டைப்-சி பிடித்துக்கொண்டு வருவதால், இப்பொருள் இவ்வட்டாரத்தில் அன்றாடத் தேவையாகிவிட்டது.

1996-இல் வெளிவந்த யூஎஸ்பி, தரவு அனுப்புவதற்கான ஏற்பாடாகவே பிறந்தது. மின்சாரம் அதில் உடன்வந்த வசதி மட்டுமே. 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி, செருகப்பட்ட கருவி முதலில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கலாகாது. கணினி அதை அடையாளம் கண்டு இசைவு தந்தபின் 500 மில்லி ஆம்பியர் வரை, அதாவது 5 வோல்ட்டில் 2.5 வாட் வரை, எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் பதிப்பு இதை 900 மில்லி ஆம்பியராக்கியது. கைப்பேசிகள் பெருகி, கணினியே இல்லாமல் சுவரிலிருந்து நேரே மின்னேற்றும் பழக்கம் வந்தபோது, தரவுக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து ‘இது கணினியன்று, சார்ஜர்’ என்று கருவிக்கு உணர்த்தும் முறை வகுக்கப்பட்டு, 1.5 ஆம்பியருக்கு வழி பிறந்தது. இவை எல்லாவற்றிலும் வோல்ட் 5 என்பது மாறவில்லை. எந்த வோல்ட் வேண்டுமென்று கருவி கேட்கவில்லை, கொடுத்ததை எடுத்துக்கொண்டது.

கேட்டுப் பெறும் முறை 2012-இல் வெளியான முதல் மின்வழங்கல் விதித்தொகுப்போடு தொடங்குகிறது. அது 10, 18, 36, 60, 100 வாட் என ஐந்து படிகளை வகுத்து, 5, 12, 20 ஆகிய வோல்ட் அளவுகளை வைத்துக்கொண்டது. சார்ஜரும் கருவியும் பேசிக்கொள்ளும் குறிகை மின்சாரம் போகும் கம்பியிலேயே உயரதிர்வெண்ணில் ஏற்றப்பட்டதால் சுற்று சிக்கலாகி, அம்முறை பரவாமலே மறைந்தது. 2014 ஆகஸ்டில் 24 முனைகள் கொண்ட டைப்-சி இணைப்பானும் மின்வழங்கலின் இரண்டாம் பதிப்பும் ஒருசேர வந்தன. பேச்சுக்கெனத் தனிக் கம்பி ஒதுக்கப்பட்டது. ஐந்து படிகளும் பின்னர் கைவிடப்பட்டு, 5, 9, 15, 20 என்ற வரிசை நிலைபெற்றது. 12 வோல்ட் கட்டாய வரிசையிலிருந்து விழுந்தது பட்டறைகளுக்கு நேர்ந்த இழப்பே ஆகும். ரிலே, சிறு மோட்டார், எல்இடி பட்டை, கண்காணிப்புக் கேமரா எனப் புழக்கத்திலுள்ள பொருள்களில் பெரும்பங்கு 12 வோல்ட்டில் இயங்க, சார்ஜரோ 9 அல்லது 15-ஐ நீட்டுகிறது.

டைப்-சி என்ற பெயர் வாயின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, அதற்குள் வரும் மின்சாரத்தின் அளவைச் சொல்வதில்லை. அளவைச் சொல்வது ‘சிசி’ எனப்படும் இரண்டு உள்ளமைவு முனைகள். போர்டு அவ்விரண்டிலும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் மின்தடையை நிலத்தோடு இணைத்திருக்க வேண்டும். சார்ஜர் தன் பக்கத்து மின்தடை வழியே அம்முனையில் ஓர் அழுத்தத்தை உண்டாக்கும். போர்டின் முனையில் ஏறக்குறைய 0.4 வோல்ட் தெரிந்தால் வழக்கமான யூஎஸ்பி அளவு, 0.9 தெரிந்தால் 1.5 ஆம்பியர், 1.7 தெரிந்தால் 3 ஆம்பியர் கிடைக்குமென்று பொருள். மல்டிமீட்டர் ஒன்றே போதுமான இச்சோதனையைப் பலரும் செய்வதில்லை.

2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4 போர்டில் இவ்விதிக்கு மாறாக இரண்டு சிசி முனைகளும் இணைக்கப்பட்டு, இரண்டுக்கும் ஒரே மின்தடை வைக்கப்பட்டது. தன் திறனைத் தானே அறிவிக்கும் சில்லு பொதிந்த கேபிளைச் செருகினால், கேபிளுக்குள் உள்ள ஏறத்தாழ 1 கிலோ ஓம் தடையும் இதனோடு சேர்ந்துகொள்ள, சார்ஜர் போர்டை ஒலிக்கருவி என்று கருதி மின்சாரத்தையே நிறுத்திவிட்டது. இது கேபிளின் குற்றமன்று. சில்லில்லாத மலிவுக் கேபிளில் அதே போர்டு இயங்கியதால் பழி நல்ல கேபிளின்மேல் விழுந்தது. அடுத்த திருத்தப் பலகையில் குறை களையப்பட்டது.

5 வோல்ட்டுக்கு மேல் வேண்டுமாயின் பேரம் பேசும் சில்லு தேவை. எஸ்டியூஎஸ்பி4500 என்னும் சில்லில் மூன்று கோரிக்கைகளை அழியா நினைவகத்தில் எழுதி வைக்கலாம். முதலாவது எப்போதும் 5 வோல்ட், வரிசை எண்ணில் உயர்ந்ததற்கே முன்னுரிமை. விலை குறைந்த சிஎச்224கே சில்லில் 6.8 கிலோ ஓம் மின்தடை 9 வோல்ட்டையும், 24 கிலோ ஓம் 12 வோல்ட்டையும், 56 கிலோ ஓம் 15 வோல்ட்டையும் கேட்கும். அம்மின்தடைக்கான முனையை வெறுமனே விட்டால் 20 வோல்ட்டைக் கேட்கும். ஆகவே பற்றவைப்பு விட்டுப்போன ஒரு மின்தடை, 9 வோல்ட் சுற்றுக்குள் 20 வோல்ட்டை அழைத்து வந்துவிடக்கூடும் என்பதால், முதல் சோதனையைப் போர்டை இணைக்காமல், சில்லின் வெளியீட்டை மட்டும் அளந்து செய்வதே முறை. 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5 இவ்வரிசைக்கு விதிவிலக்கு: அது வோல்ட்டை உயர்த்தாமல் 5 ஆம்பியர் கேட்கிறது, கிடைக்காவிட்டால் தன் யூஎஸ்பி வாய்களுக்கு 1.6 ஆம்பியருக்குப் பதில் மொத்தம் 600 மில்லி ஆம்பியரே விடுகிறது.

அளக்கும் இடம் சார்ஜர் முனையன்று, போர்டின் முனை. விதிப்படியே ஒரு டைப்-சி கேபிள் முழு ஓட்டத்தில் மின்கம்பியில் அரை வோல்ட்டும் நிலக்கம்பியில் கால் வோல்ட்டும் இழக்கலாம், ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே ராஸ்பெர்ரி பை குறையழுத்த எச்சரிக்கை தரும் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், அந்நிறுவனத்தின் சார்ஜர் 5-க்குப் பதில் 5.1 வோல்ட் தருவதன் காரணம் விளங்கும். அளக்கும் கருவியும் இழப்பை உண்டாக்கும். ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் ஐஎன்ஏ219 அளவிப் பலகையிலுள்ள 0.1 ஓம் தடையில் 3 ஆம்பியர் பாயும்போது 0.3 வோல்ட் கழிந்துவிடுகிறது, 3.2 ஆம்பியருக்கு மேல் அது அளக்கவும் அளக்காது. 5 ஆம்பியர் சோதனைக்கு 10 மில்லி ஓம் தடையும் அதற்கேற்ற அளவியும் வைத்துக்கொள்ள வேண்டும். பை 5-இன் மின்மேலாண்மைச் சில்லு உள்ளே வரும் அழுத்தத்தைத் தானே படித்துச் சொல்லும். ஆனால் வெளியே செருகிய கருவிகள் இழுக்கும் ஓட்டம் அக்கணக்கில் வராது.

மின்வழங்கல் விதித்தொகுப்பின் மூன்றாம் பதிப்புக்கு வந்த 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 48 வோல்ட், 240 வாட் வரை இடம் தருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரத்தை ஐஎஸ்/ஐஇசி 62680-1-3:2022 என்ற எண்ணில் ஏற்று, 2023 ஜனவரியில் அறிவித்தது. சார்ஜர் தயாரிப்பும் இவ்வட்டாரத்துக்கு அருகே வந்துவிட்டது: பூந்தமல்லிக்கு மேற்கே திருப்பெரும்புதூரில், 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலை வளாகத்தைச் சார்ஜர் தயாரிப்பாளரான சால்காம்ப் ஏற்றுக்கொண்டுள்ளது.